ஜின்னும் அல்ல, பித்தும் அல்ல



இக்கட்டுரையை எழுதுவதா வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன். வீட்டுக்குள் நடந்ததை வெளியே சொல்வது நம் வழக்கமன்று. அதிலும் மனநோய் என்ற சொல் ஒரு வீட்டு வாசலில் விழுந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் நிக்காஹ் பேச்சே நின்றுவிடும் என்று அஞ்சுகிற சமுதாயம் நம்முடையது. எனினும், யாரைப் பற்றி எழுதுகிறேனோ அந்தப் பிள்ளையே, "எழுதுங்கள் மாமா, என் பெயரை மட்டும் போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டாள். அவள் என் அக்காளின் மகள். என் பிழையால் ஐந்து மாதம் துன்புற்றவள். ஆகவே இது அவளுடைய கதை என்பதைவிட என்னுடைய ஒப்புதல் என்பதே பொருந்தும்.

நான் இராஜபாளையத்தில் மதரஸா ஆசிரியனாக இருக்கிறேன். ஆலிம் பட்டம் பெற்ற பிறகு அஞ்சல் வழியில் வரலாற்றில் பி.ஏ. படித்தேன். அக்காள் வாழ்க்கைப்பட்டது பதினொரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில். மச்சான் வேறு யாருமல்லர், எங்கள் அத்தாவின் கூடப்பிறந்த மாமியின் மகன்தான். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்று பெரியவர்கள் சிறுவயதிலேயே பேசி முடித்த நிக்காஹ் அது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

உப்பும் பால்கோவாவும்

மச்சான் பால்கோவாக் கடையில் வேலை பார்ப்பவர். விறகடுப்பில் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கிளறும் வாசனை அவர் சட்டையிலேயே இருக்கும். ஊரெல்லாம் தேடி வந்து வாங்கும் இனிப்பு அவர் வீட்டில் எந்நேரமும் உண்டு. ஆனால் மகளோ இனிப்பை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். மாங்காயும் உப்பும், ஊறுகாயும் உப்பும், புளியும் உப்பும் என்றே திரிவாள். சமையற்கட்டில் உப்பு ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு ஓடுவாள். "உப்புத் தின்னி" என்று அவளுடைய நன்னி செல்லமாகக் கடிந்துகொள்வார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள். படி ஏறினால் கால் தளர்கிறது என்பாள். சிலவேளை கைவிரல்கள் ஒன்றோடொன்று குவிந்து இழுத்துக்கொள்ளும், சற்று நேரம் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். வயதுப் பெண், இரத்தம் குறைவு என்று பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் கொடுத்தார்கள். இவற்றையெல்லாம் கோத்துப் பார்க்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

2021ஆம் ஆண்டின் இறுதியில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அவள் நடத்தை மாறத் தொடங்கியது. உறக்கம் போயிற்று. காரணமின்றி அழுதாள். திடீரென்று நெஞ்சு படபடக்க, மூச்சு வாங்க, "நான் சாகப் போகிறேன்" என்று தாயைக் கட்டிக்கொள்வாள். பேருந்தில் ஏறுவதற்கே அஞ்சினாள். சில வாரங்களில், ஃபஜ்ரு நேரத்துக்குச் சற்று முன்னே கொல்லைப்புறத்திலிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லி அழைப்பதாகக் கூறத் தலைப்பட்டாள். அப்போதெல்லாம் அவள் கைவிரல்கள் வளைந்து விறைத்து நிற்கும்.

என் தீர்ப்பு

அக்காள் முதலில் அழைத்தது என்னைத்தான். வீட்டில் ஓர் ஆலிம் இருக்கையில் வேறு யாரிடம் போவார்கள்? நான் போனேன். பிள்ளையின் கண்களையும் வளைந்த விரல்களையும் பார்த்தேன், அழைக்கும் குரலைப் பற்றிக் கேட்டேன். பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னேன்: "ஜின் சேட்டை."

ஓதி ஊதினேன், தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். ஓதும்போது சற்றே அமைதியடைந்தாள். அந்த அமைதியையே என் தீர்ப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். அச்சத்தால் வேகமாக மூச்சு வாங்குகிறவர்கள் ஒருவர் அருகிலிருந்து நிதானமாக ஓதக் கேட்டால் மூச்சுச் சீராகி, விரல் இறுக்கமும் தளரும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

ஜின் உண்டு என்பது நம் நம்பிக்கை. இறைவசனங்களை ஓதிப் பார்ப்பதும் ஆகுமானது. இவற்றில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் ஜின் உண்டு என்பது ஒன்று, இந்தப் பிள்ளையைப் பிடித்திருப்பது ஜின்தான் என்பது மற்றொன்று. முன்னது மார்க்கம். பின்னது என் ஊகம். ஊகத்துக்கு மார்க்கத்தின் சட்டையை அணிவித்தேனே, அதுதான் நான் செய்த பிழை. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். என் வீட்டுப் பிள்ளைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, உறவினர் ஒருவர் வற்புறுத்த, பிள்ளையை ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் யார், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். குரல் கேட்கிறது என்றதும் மனநோய்க்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. நான் பத்து நிமிடத்தில் ஜின் என்றேன், அவர் ஐந்து நிமிடத்தில் பித்து என்றார். இருவருமே உடலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ரமலான் இரவு

2022ஆம் ஆண்டின் ரமலான் ஏப்ரல் மாதத்து வெயிலில் வந்தது. நோன்பை விடமாட்டேன் என்று பிள்ளை பிடிவாதமாக நோற்றாள். பாதி மாதம் கடந்தபோது வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மறுநாள் சஹர் நேரத்தில் எழுந்தவள், "மாமாவைக் கூப்பிடுங்கள், நெஞ்சுக்குள் பறவை அடிக்கிறது" என்று சொல்லியபடியே சாய்ந்துவிட்டாள்.

நான் போய்ச் சேருமுன் 108 வண்டி வந்திருந்தது. முதலுதவி செய்தவர்கள் உடனே மதுரைக்குக் கொண்டு செல்லச் சொல்லிவிட்டார்கள். கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, தே. கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று ஊர்கள் கடந்துகொண்டே இருந்தன. அவள் பாதங்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அக்காள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "தம்பி, ஜின் பிடித்தால் வயிற்றால் போகுமா?" எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

மூன்று கேள்விகள்

மதுரை மருத்துவமனையில் முதலில் இ.சி.ஜி. எடுத்தார்கள். அதைப் பார்த்த பெண் மருத்துவர் முகம் மாறியது. உடனே இரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் பார்க்கச் சொன்னார். பொட்டாசியம் 3.5க்குக் குறையக்கூடாதாம், அவளுக்கு 2.4 இருந்தது. மக்னீசியம் ஏறத்தாழ 1.7க்கு மேல் இருக்க வேண்டுமாம், 0.9தான் இருந்தது. இதயம் தாளம் தவறித் துடித்ததற்கு இதுவே காரணம் என்றார். மனநோய்க்குரிய மாத்திரைகளில் சில, இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைச் சற்றுத் தாமதப்படுத்தும் இயல்புடையவை. உடலில் இவ்விரு சத்துகளும் குறைந்திருக்கும்போது அம்மாத்திரை உயிருக்கே ஆபத்தாகலாம் என்று விளக்கினார்.

இரவு முழுவதும் நரம்பு வழியாக இரண்டு சத்துகளையும் ஏற்றினார்கள். விடிந்ததும் அம்மருத்துவர் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார்.

"பிள்ளை உப்பை விரும்பிச் சாப்பிடுவாளா?"

"இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவாளா?"

"தாயும் தந்தையும் நெருங்கிய சொந்தமா?"

மூன்றுக்கும் ஆம் என்றோம். பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் கண்முன்னே இருந்தவற்றை அந்த அம்மையார் மூன்று கேள்விகளில் எடுத்து வைத்துவிட்டார். சிறுநீரில் கால்சியத்தின் அளவு மிகக் குறைவாக இருந்தது. இரத்த அழுத்தமும் குறைவு. பிறகு மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பினார்கள். சில வாரங்களில் உறுதியாயிற்று. நோயின் பெயர் கிடெல்மன் நோய்.

சிறுநீரகத்தின் கணக்கு

இந்நோயைப் பற்றி நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை வாசகர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதுகிறேன்.

நம் சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சிய நீரையும், அதனோடு கரைந்துள்ள உப்புகளையும் நுண்ணிய குழாய்கள் மீண்டும் உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. அளந்து கொடுத்து அளந்து வாங்கும் நேர்மையான கணக்கப்பிள்ளை போன்றது இது. படைத்தவனின் வல்லமையை எண்ணி வியக்க வேண்டிய இடம்.

இந்நுண்குழாய்களில் ஓரிடத்தில் சோடியம் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில் ஒன்று உண்டு. கிடெல்மன் நோயில் அவ்வாயில் சரிவரத் திறப்பதில்லை. உப்பு சிறுநீரோடு போய்விடுகிறது. அதனை ஈடுகட்ட உடல் மேற்கொள்ளும் முயற்சியில் பொட்டாசியமும், அதனோடு மக்னீசியமும் வீணாகின்றன. இரத்தக் கொதிப்புக்காரர்களுக்குத் தயசைடு என்ற வகையைச் சார்ந்த சிறுநீர் மாத்திரை கொடுப்பதுண்டு. அம்மாத்திரை அடைப்பதும் இதே வாயிலைத்தான். அந்த மாத்திரையைப் பிறந்த நாள் முதல் ஓயாது விழுங்கிவருகிற ஒருவரின் நிலை எதுவோ, அதுதான் இந்நோயாளியின் நிலை என்று மருத்துவர் எளிமையாகச் சொன்னார். உடல் இழந்த உப்பைத்தான் பிள்ளை ஜாடியில் தேடியிருக்கிறாள்.

ஹில்லல் கிடெல்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1966இல் இந்நோயைக் குடும்ப வழியில் வருவதாக எடுத்துரைத்தார்கள். அதற்குக் காரணமான மரபணுவை முப்பது ஆண்டுகள் கழித்து, 1996இல் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ நாற்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய் இது. பெரும்பாலும் வளரிளம் பருவத்திலோ அதற்குப் பின்னரோதான் வெளிப்படும்.

இதில் ஏமாற்றும் செய்தி ஒன்றுண்டு. சிறுநீரக நோய் என்றால் முகம் வீங்கும், யூரியாவும் கிரியாட்டினினும் கூடும் என்றே நாம் அறிந்திருக்கிறோம். கிடெல்மன் நோயில் அவ்விரண்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. "கிட்னி நன்றாக இருக்கிறது" என்ற சீட்டோடு நோயாளி வீடு திரும்பிவிடுவார். மக்னீசியமோ, வழக்கமான இரத்தப் பரிசோதனைப் பட்டியலில் பல இடங்களில் இருப்பதே இல்லை. கேட்டால்தான் பார்ப்பார்கள்.

மனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு இந்த உப்புகள் அளவோடு இருந்தாக வேண்டும். மக்னீசியம் மிகக் குறைந்தால் எரிச்சல், பதற்றம், சோர்வு, உறக்கமின்மை ஆகியன தோன்றலாம். மேலும் குறைந்தால் மனக்குழப்பமும், இல்லாததைக் காண்பதும் கேட்பதும்கூட நேரலாம். நெஞ்சு படபடப்பதும் விரல்கள் இழுப்பதும் சேர்ந்தால் அச்சம் இரட்டிப்பாகும். அச்சத்தில் மூச்சை வேகமாக இழுத்து விட்டால் விரல் இழுப்பு இன்னும் மிகும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வேறொன்றாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். உப்புகள் சீரான இரண்டு வாரங்களில் குரல் நின்றுவிட்டது. அச்சம் உடனே நிற்கவில்லை. ஐந்து மாதம் தன்னைப் பேய் பிடித்தவளைப் போலப் பார்த்த கண்களை அவ்வளவு எளிதில் மறக்க இயலுமா? மனநல மருத்துவர் ஒருவரும் அவளைத் தொடர்ந்து கவனித்தார். இதயத்துக்குத் தீங்கற்ற மருந்தைத் தேர்ந்து, அவ்வப்போது இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே கொடுத்தார், பொறுமையாகப் பேசினார். சிறுநீரக மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு மருந்து எழுதியதால்தான் பிள்ளை மீண்டாள்.

வரலாற்றில் படித்தது

பட்டப்படிப்பின்போது நான் விரும்பிப் படித்த பகுதி முஸ்லிம்களின் மருத்துவமனைகள் பற்றியது. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154இல் நிறுவிய மாரிஸ்தான், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மாபெரும் மாரிஸ்தான் ஆகியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். கெய்ரோவில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. அவர்களும் மற்ற நோயாளிகளைப் போலவே மருத்துவர் பார்க்க வேண்டியவர்கள் என்று அக்காலத்து ஆட்சியாளர் கருதியதற்கு அது சான்று. அதற்கும் முன்னே, 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். உடல் நோயுற்றால் உள்ளம் கலங்கும், உள்ளம் கலங்கினால் உடல் நோகும் என்பது அவருடைய கொள்கை. இவையெல்லாம் எனக்குத் தேர்வுத்தாளில் தெரிந்தன. அக்காள் வீட்டுத் திண்ணையில் தெரியவில்லை.

மற்றொரு நினைவும் என்னைச் சுடுகிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். தப்பி ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். அப்போது நான் மாணவன். செய்தியைப் படித்துவிட்டு அழுதோம், துஆச் செய்தோம். அந்த 28 பேரில் எத்தனை பேருக்கு ஒரு முறையேனும் இரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்.

அத்துயரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரித்தது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. ஏர்வாடியிலேயே துஆவும் மருந்தும் கைகோத்துச் செல்லும்படியாக அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடும் வந்தது. துஆவோடு மருந்து என்பது நம் மார்க்கத்துக்குப் புதியதன்று. நாம்தான் இடையில் மறந்துபோனோம்.

முறைமாப்பிள்ளை

பிள்ளை பிழைத்தாள் என்பதோடு இக்கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன்.

என் மூத்த மகளை அக்காளின் மூத்த மகனுக்குக் கொடுப்பது என்று அவர்கள் தொட்டிலில் இருந்த காலத்திலேயே பேச்சு. இரு வீடுகளிலும் அதில் மாற்றுக் கருத்தே இல்லை. பிள்ளைகளும் அதை அறிந்தே வளர்ந்தார்கள். 2023ஆம் ஆண்டில் நாள் குறிக்கலாம் என்று அக்காள் சொன்னபோது, மதுரை மருத்துவர் சொல்லியனுப்பியிருந்த செய்தி என் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அவர் விளக்கியது இதுதான். மரபணு ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரு படியில் மட்டும் குறை இருந்தால் நோய் வராது. அவர் அக்குறையைச் சுமப்பவர், அவ்வளவே. இரண்டு படியிலும் குறை இருந்தால்தான் நோய். தாயும் தந்தையும் இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கு உண்டு. அந்நியர் இருவர் இதே அரிய குறையைச் சுமந்து சந்திப்பது அபூர்வம். ஒரே பாட்டன் வழியில் வந்தவர்களுக்கோ அது எளிதில் நேரும். அக்காளும் மச்சானும் ஒரே பாட்டன் வழிப் பேரப்பிள்ளைகள்.

அக்காளின் மகன் நலமாகவே இருக்கிறான். ஆனால் அவன் அக்குறையைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருந்தது. அக்காளின் தம்பியாகிய எனக்குப் பாதி வாய்ப்பு. என் மகளுக்குக் கால்பங்கு. இருவருக்கும் பரிசோதனை செய்துவிட்டு நாள் குறிப்போம் என்றேன். அக்காள் வெடித்துவிட்டாள்.

"அன்றைக்கு ஜின் என்றாய், கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு இரத்தம் என்கிறாய். நாளைக்கு என்ன சொல்வாய் தம்பி? என் வீட்டுக்குப் பெண் கொடுக்க மனமில்லை என்று நேராகவே சொல்லிவிடேன்!"

அவள் கேட்டதில் தவறில்லை. ஒருமுறை அறியாமல் தீர்ப்புச் சொன்னவனை மறுமுறை எதற்கு நம்ப வேண்டும்? மச்சான்தான், "பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தோமே, அது போதாதா?" என்று அவளை அடக்கிப் பரிசோதனைக்கு இசைந்தார். முடிவு வந்தது. மருமகனும் சுமப்பவன். என் மகளும் சுமப்பவள்.

மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம் மார்க்கத்தில் ஆகுமானது. ஆகுமானது என்றால் கட்டாயமானது என்று பொருளன்று. எல்லாச் சொந்தத் திருமணங்களும் நோயில் முடியும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானோர் நலமான மக்களைப் பெற்று வாழ்கிறார்கள். ஆனால் தெரிந்தபின் தெரியாதது போலிருப்பது வேறு. நான்கில் ஒன்று என்று கையில் சீட்டு இருக்கையில், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி நாள் குறிக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டும் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்துகிற நாக்கு எனக்கு.

பெரியவர்கள் முடிவெடுக்குமுன் பிள்ளைகள் இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னோம். அவர்களே கலந்து பேசி வேண்டாம் என்றார்கள். என் மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காள் ஓராண்டுக்கு மேல் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பிய பாத்திரம்கூடத் திறக்கப்படாமலே திரும்பி வந்தது.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று மாலை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்காள். பின்னால் மருமகள், கையில் பால்கோவாப் பொட்டலம். அக்காள் எதுவும் பேசாமல் உள்ளே போய் என் மகளின் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். மருமகள்தான் சிரித்தபடி, "மாமா, இனிப்பு உங்களுக்கு, எனக்கு ஊறுகாய் இருக்கிறதா?" என்று கேட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் பழைய அறியாமை இல்லை.

இன்று அவள் பட்டம் முடித்துவிட்டாள். ஒவ்வொரு நாளும் பொட்டாசிய மருந்தும் மக்னீசிய மாத்திரையும் தவறாமல் எடுத்துக்கொள்கிறாள். உப்பு அவளுக்கு மருத்துவர் அனுமதித்த உணவு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும் என்பது வீட்டில் அனைவருக்கும் தெரியும். நோன்பு நோற்க மருத்துவர் தடை சொல்லிவிட்டார். முதல் ரமலானில் அழுதாள். நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே என்று எடுத்துச் சொன்னேன். அவளுக்காக நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா நிறைவேற்றுகிறோம். அந்த உணவை அவளே சமைக்கிறாள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மனம் கலங்கினால், ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள். அதே நாளில் மருத்துவரிடமும் காட்டுங்கள். காட்டும்போது உடலில் கண்ட சிறு மாற்றங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்: உப்பின்மேல் அடங்காத ஆசை, தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், தசைப்பிடிப்பு, விரல் இழுப்பு, படபடப்பு, தளர்ச்சி. பொட்டாசியம், மக்னீசியம், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சொந்தத்தில் மணந்தவர்களாயின் அதையும் கேட்காமலே சொல்லுங்கள். உடலில் செம்பு தேங்குவதால் வரும் வில்சன் நோய் என்ற மற்றொரு பரம்பரை நோயும் சிலருக்கு நடத்தை மாற்றமாகவே முதலில் தலைகாட்டும். அதற்கும் மருந்து உண்டு.

இதைப் படித்துவிட்டு, எல்லா மனநோயும் சிறுநீரகத்தால் வருவது என்று எண்ணிவிட வேண்டாம். கிடெல்மன் நோய் மிக அரியது. மனநோய்க்கு மருந்து சாப்பிடுவோர் தாமாக அதை நிறுத்திவிடவும் வேண்டாம். உப்பையோ பொட்டாசிய மருந்தையோ தாமாக எடுத்துக்கொள்வதும் தகாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் அதுவே உயிருக்கு ஆபத்து. மனநலம் பற்றி யாரிடம் கேட்பது என்று தயங்குவோர், 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எங்கள் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணியை நெய்கிறார்கள். தறிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கண்ணுக்குத் தெரிகிற காயத்துக்குக் கட்டுப் போட எல்லாருக்கும் தெரிகிறது. தெரியாத காயத்தைத்தான் நாம் ஜின் என்றும் பித்து என்றும் பெயர் சூட்டி, கதவைச் சாத்திவிடுகிறோம்.

என்னைப் போன்ற ஆலிம்களுக்கும் ஒரு வார்த்தை. மக்கள் நம்மிடம் முதலில் வருகிறார்கள். அது பெருமையன்று, அமானிதம். வருகிறவரைத் தட்டிக்கொடுத்து, ஓதிவிட்டு, "முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், நானும் உடன் வருகிறேன்" என்று சொல்வதால் நம் மதிப்புக் குறைந்துவிடாது. 2022 முதல் அவ்வாறுதான் சொல்லி வருகிறேன்.

வல்ல இறைவன் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்களைச் சூழ்ந்திருப்போருக்கு அறிவையும் பொறுமையையும் அருள்வானாக. ஆமீன்.